பஞ்சாயத்தும் நியாயஸ்தலமும்

(மயிலையில், நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செவிக்கு இனிமை பயப்பதொன்றன்று. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எம்மை இலக்கியம், புராணம் ஆகியவற்றைப் பற்றியே பேசப் பணிப்பது நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை காரியதரிசியவர்கள், அடுத்த பொதுக்குழுவின் முன் வரவிருக்கும் தீர்மானமொன்றைப் பற்றிச் சிந்தித்துச் சொல்லுமாறு பணித்தார்கள். அத்தீர்மானம் இரு கூறுடையது. நம்மவர்க்குள் எழும் பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல், கணவன் மனைவி மனத்தாங்கல் முதலியவற்றைத் தீர்த்துவைக்கப் பெரியோர் ஐவர் கொண்ட பஞ்சாயத்து ஒன்று அமைத்தல் என்பது முதற்கூறு. அப்பஞ்சாயத்தின் முடிவுக்கு அடங்காது நியாயஸ்தலம் ஏறுவாரைச் சங்கத்தினின்று விலக்கி, அவர் இல்லத்து நன்மை தீமைகளில் நம்மவர் கலவாதிருத்தல் என்பது இரண்டாங் கூறு.

முதற்கூறு நன்று, இரண்டாங் கூறு ஆகாது என்பதே எம் கருத்து. இணங்க வைப்பதற்குப் பஞ்சாயத்துக்கு உரிமையுண்டு. அடக்கி வைப்பதற்கு உரிமையில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லை எங்கே கிடக்கின்றது என்பதைப் பழைய நூல்களையும், நம் நகரத்து நியாயஸ்தலங்களின் தீர்ப்புக்களையும் துணையாகக் கொண்டு ஆராய்வோம்.

இத்தீர்மானத்தைக் கொணர்ந்த அன்பர்களின் நோக்கம் உயர்ந்தது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். தியாகராய நகரில் ஒரு கிரவுண்டு நிலத்தின் பாகத்திற்காக உடன்பிறந்தார் இருவர் தொடுத்த வழக்கு, அவர்கள் மக்கள் காலத்திலும் முடியாது கிடத்தலைக் காண்கின்றோம். வக்கீல் பீஸ், வாய்தா, அப்பீல் என்று பொருளும் நாளும் அழிகின்றன. அதனினும் கொடியது, வீட்டுப் பேச்சு வெளியேறி வழக்குக் கட்டில் எழுத்தாகி நிலைத்தல். ஆகலின், "நம் பெரியோர் முன்னிலையில் ஒரு நாளில் முடியுங் காரியத்திற்குப் பத்தாண்டு அலைவானேன்?" என்று கேட்பாரை யாம் குறை கூறோம்.

பண்டை நாளிலும் வழக்குக்கள் யாவும் அரசன் வாயிலுக்குச் சென்றன அல்ல. ஊரவையும் வணிகர் குழுவும் தத்தம் எல்லைக்குள் வழக்குத் தீர்த்தன. இதற்கு நம் இலக்கியத்தில் தலைசிறந்த சான்று, பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு. நம்பியாரூரரின் திருமணப் பந்தலுள் முதியவர் ஒருவர் புகுந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது" என்கின்றார். ஆரூரர் அவ்வோலையைப் பற்றிக் கிழித்துவிடுகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகின்றது.

அச்சபையார் நடந்துகொண்ட முறையைச் சற்றே நோக்குமின். வழக்காடுவோர் இருவரும் நேரில் நிற்கின்றனர். முதியவர் சொல்லை மட்டும் கேட்டு அவர்கள் முடிவு கூறவில்லை. அனுபோகம், எழுத்து, சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என்கின்றனர். கிழிந்தது படியோலையே, மூலவோலை உளது என்று முதியவர் சொல்ல, அதனை வருவித்துப் படிக்கின்றனர். அவ்வளவில் அமையாது, பாட்டன் கையெழுத்துள்ள பிறிதோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுப்பித்து, இரண்டையும் ஒப்புநோக்குகின்றனர். அதன் பின்னரே தீர்ப்பு. வந்த முதியவர் இறைவனே என்பது நமக்குத் தெரியும், சபையார்க்குத் தெரியாது. இறைவனே வாதியாய் வந்தபோதும் எழுத்தும் சான்றும் கேட்டது அச்சபை. தனியார் மன்றம் ஒன்று எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியோம்.

இதற்கு நேர்மாறானது சிலப்பதிகாரத்து மதுரை. அங்கே தீர்ப்பளித்தவன் முடியுடை வேந்தன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவில் கோவலனை அழைத்து ஒரு வினா வினவாது கொலைக்கு ஆணையிட்டான். கண்ணகி மற்றைச் சிலம்போடு வந்து நின்றபோதே விசாரணை தொடங்கியது. அப்பொழுது கோவலன் உயிரோடில்லை. ஆகவே, சர்க்கார் மன்றம் என்பதனாலேயே நீதி பிறந்துவிடாது. ஊர்மன்றம் என்பதனாலேயே நீதி கெட்டுவிடாது. இரு கட்சியையும் கேட்டலும், சான்றை ஆய்தலும், தவறு நேரின் திருத்துதற்கு வழியுண்மையும் ஆகிய இவையே நீதிக்கு உறுப்புக்கள். பாண்டியன் தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை என்பதே மதுரை எரிந்ததன் பொருள் எனலாம்.

நிற்க. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற்கு வருவோம். பஞ்சாயத்து முறை சர்க்காரின் சட்டத்திலேயே இடம்பெற்றதும் உண்டு. தாமஸ் மன்றோ தலைமையில் அமைந்த கமிஷனின் யோசனைப்படி, 1816-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் கிராம முன்சீபுகளுக்கும், கிராமப் பஞ்சாயத்துக்கும், ஜில்லாப் பஞ்சாயத்துக்கும் தனித்தனி ரெகுலேஷன்கள் பிறந்தன. பஞ்சாயத்தே இந்நாட்டு மக்களின் மனத்திற்கு இயைந்த நியாயஸ்தலம் என்பது மன்றோவின் நம்பிக்கை. ஆயின் மக்கள் அப்பஞ்சாயத்துக்களைப் பெரிதும் நாடினாரல்லர். முன்சீபு கோர்ட்டுக்களையே நாடினர். தம்மை அறிந்தவர் தீர்ப்பளித்தலில் ஒரு நலம் உண்டு. ஓர் இடரும் உண்டு. தம்மை அறியாதவன் நடுநிலை பிறழாதிருப்பான் என்னும் எண்ணம் எளியாருக்கு எக்காலத்தும் ஆறுதலளிப்பது. ஊரில் செல்வாக்குடையானோடு வழக்காடுவோன், அவன் உறவினர் கூடிய மரத்தடியினும் முன்பின் அறியாத முன்சீபின் முன்னிலையையே விரும்புவான் என்பதில் வியப்பென்ன?

1862-ல் சென்னை ஹைகோர்ட்டு நிறுவப்பட்டது. அதன் முதல் முப்பதாண்டுத் தீர்ப்புக்களிலேயே ஜாதிக்கட்டைப் பற்றிய வழக்குக்கள் வந்துள்ளன. இரண்டை மட்டும் ஈண்டுச் சொல்வோம். 1883-ல் வெளிவந்த தீர்ப்பொன்றில், மடாதிபதி ஒருவர் தம் சீடரை ஜாதியினின்று விலக்கிய செய்தியைத் தபால் கார்டில் எழுதி அனுப்பியமை ஆராயப்பட்டது. குருவுக்குத் தம் சீடரைக் கண்டிக்கும் அதிகாரம் உண்டென்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால், உறையின்றி எவரும் படிக்கக்கூடிய கார்டில் அதனை எழுதி அனுப்பியது அவ்வதிகாரத்தின் எல்லையைக் கடந்தது. ஆகவே மானநஷ்டக் குற்றமாம் என்று முடிவு செய்தனர். அரையணாவும் பெறாத கார்டொன்று ஒரு பீடத்தின் அதிகாரத்திற்கு எல்லை வகுத்துவிட்டது! இன்று நம்மவர் கைப்பேசியில் வாட்ஸப் குழு வைத்துள்ளனர். ஒருவரை விலக்கிய செய்தியை அதில் இடுவோர், அது பல நூறு வீடுகளுக்கு ஒரே கணத்தில் செல்லும் திறந்த கார்டு என்பதை நினைவிற்கொள்க.

மற்றொன்று 1886-ஆம் ஆண்டினது. ஜாதி வழக்கத்தை மீறினார் என்று பிழைபட எண்ணி ஒருவரை விலக்கிவைத்தமை, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே எனினும், செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டு கூறியது. "நாங்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை" என்பது விலக்கப்பட்டவனுக்கு நேர்ந்த கேட்டை மாற்றாது என்பது இதன் கருத்து. மகட்கொடை மறுக்கப்பட்டு, உறவினர் வாயில் அடைபட்டு நிற்பவனுக்கு, விலக்கினவர்களின் நல்லெண்ணத்தால் வரும் பயன் யாது?

இனி, நியாயஸ்தலங்கள் எல்லாவற்றிலும் தலையிடுவன அல்ல என்பதையும் அறிதல் வேண்டும். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சிவில் தன்மையுடைய வழக்கு எதனையும் சிவில் கோர்ட்டு விசாரிக்கலாம் என்கின்றது. அதன் விளக்கம் நம்போன்ற சங்கத்தார் ஊன்றிப் படிக்கத்தக்கது. சொத்துரிமையோ பதவியுரிமையோ வழக்கிற் கிடக்குமாயின், அவ்வுரிமை முழுவதும் சமயச் சடங்கு பற்றிய முடிவையே சார்ந்திருப்பினும், அது சிவில் வழக்கே என்பது அவ்விளக்கம். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் தீர்த்த மரியாதை பற்றி ஜீயர்களுக்கிடையே எழுந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1961-ல் அக்கோர்ட்டு வகுத்த நெறி தெளிவானது: வெறும் மரியாதையை மட்டும் வேண்டி வழக்கிடுதல் இயலாது, கோயிலில் ஒரு பதவியும், அப்பதவியோடு ஒட்டிய மரியாதையும் என்றால் வழக்கிடலாம். நம் கபாலீசுவரர் பெருவிழாவில் பரிவட்டம் எவர்க்கு முதலில் கட்டுவது என்று இருவர் மாறுபட்டால், அவ்வளவில் அது பெரியோர் பேசித் தீர்க்கும் பொருள். அதனோடு ஒரு பதவியின் உரிமை பிணைந்திருப்பின் கோர்ட்டின் கதவு திறக்கும்.

இவ்வாறு எல்லை வகுக்கப்பட்டிருப்பினும், அதனைக் கடத்தல் எல்லாச் சமூகத்தாரிடத்தும் நிகழ்ந்துள்ளது. பிறர் குறை கூறுவதற்காக அன்றி, நம் முகத்தைக் காண்பதற்கு ஒரு கண்ணாடியாக அண்மைக் காலத்துச் செய்திகள் சிலவற்றை எடுத்துரைப்போம்.

அண்ணா சாலையில் உள்ள மக்கா மசூதியில் ஷரீஅத் கவுன்சில் என்னும் பெயரால் ஓர் அமைப்பு நடந்துவந்தது. குடும்ப வழக்குக்களில் அது கோர்ட்டுப்போலச் செயற்படுகின்றது என்று முஸ்லிம் ஒருவரே பொதுநல வழக்கிட்டார். 2016 டிசம்பர் 19-ல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் பெஞ்சு, வழிபாட்டிடங்கள் வழிபாட்டிற்கே உரியன. அங்கே கோர்ட்டுப்போல் மன்றங்கள் நடத்துதல் கூடாது. அவை நடவாதவாறு சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த மாதமே, 2017 ஜனவரியில், தலாக் பற்றிக் காஜிகள் வழங்கும் சான்றிதழ் அவர்களது கருத்தே அன்றிச் சட்ட வலிமையுடையதன்று என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் ஒரு முஸ்லிம் பெண்மணியே. சட்டமன்ற உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்த பதர் சயீத் அவர்கள். 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே, காஜிக்கு நீதியதிகாரம் எதனையும் தான் தரவில்லை என்று வெளிப்படையாக உரைத்துள்ளது. இவற்றிற்கு முன்னரே 2014 ஜூலை 7-ல் சுப்ரீம் கோர்ட்டு, பத்வா என்பது ஒரு கருத்து. விரும்புவோர் ஏற்கலாம், ஏற்கும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்று தீர்ப்பளித்திருந்தது. கருத்துச் சொல்லுதலை அக்கோர்ட்டு தடுக்கவில்லை. கருத்தைக் கட்டளையாக்குவதையே தடுத்தது. இவ்வேறுபாட்டை நம்மவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

நம் மயிலைக்குள்ளேயே சாந்தோம் உள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி மறைமாவட்டந்தோறும் ஒரு திருச்சபை நீதிமன்றம் உண்டு; திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று அது சமய அளவில் அறிவிக்கலாம். அவ்வறிவிப்புச் சிவில் சட்டத்தின் முன் என்னாகும்? கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, கோர்ட்டு முறைப்படி திருமணத்தை நீக்கியிருந்தாலன்றி, திருச்சபை மன்றத்தின் முடிவை நம்பிச் செய்துகொண்ட மறுமணம் செல்லாது என்றது. திருச்சபை முடிவுக்குச் சிவில் வலிமை வேண்டித் தொடுக்கப்பட்ட பொதுநல மனுவும் 2017 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. திருச்சபை தன் மன்றத்தை மூடவில்லை. மூடுமாறு எவரும் சொல்லவுமில்லை. சமய உறவுக்கு அதன் முடிவும், உலகியல் உரிமைக்குக் கோர்ட்டின் முடிவும் என இரண்டும் தத்தம் வழியே நடக்கின்றன.

இந்துக்களாகிய நம்மிடத்துச் செய்தி இவற்றினும் கடுமையானது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், 2011 ஏப்ரல் 19-ல் சுப்ரீம் கோர்ட்டு, கட்டப் பஞ்சாயத்து என்பது முற்றிலும் சட்டவிரோதமானது, அடியோடு ஒழிக்கத்தக்கது என்று கூறியது. அதனைத் தடுக்கத் தவறும் அதிகாரிகள்மேலும் நடவடிக்கை வேண்டும் என்றது. 2018 மார்ச் 27-ல் அளித்த வேறொரு தீர்ப்பில், வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதைத் தடுக்கக் கூடும் எந்தக் கூட்டமும் சட்டவிரோதமானது என்றது. "நாம் செய்வது கட்டப் பஞ்சாயத்தன்று, சமாதானம்" என்று நம் அன்பர்கள் சொல்லக்கூடும். பெயரால் அன்று, செயலால் அறியப்படுவது அது. வர மறுப்பவனை வரவழைத்தல், இசையாதவனை இசைவித்தல், தண்டம் விதித்தல், விலக்கி வைத்தல் ஆகிய இந்நான்கும் வந்தவிடத்துச் சமாதானம் என்னும் பெயர் நிற்காது. நம் தீர்மானத்தின் இரண்டாங் கூறு இவற்றுள் நான்காவதை எழுத்திலேயே பொறித்துள்ளது.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வினா எழுந்ததே. லண்டனில் யூதரின் பெத் தின் என்னும் சமய மன்றம் வணிக வழக்குக்களை மத்தியஸ்தச் சட்டத்திற்கு உட்பட்டுத் தீர்த்து வருகின்றது. இரு கட்சியும் எழுத்தால் இசைந்தமையே அதற்கு வலிமை. கானடாவின் ஒன்டாரியோ மாகாணமோ, சமயச் சட்டப்படி குடும்ப வழக்குக்களில் அளிக்கும் மத்தியஸ்தத் தீர்ப்புக்குச் சட்ட வலிமை இல்லை என்று 2006-ல் சட்டம் செய்தது. பெண்டிரின் இசைவு உண்மையான இசைவுதானா என்னும் ஐயமே அங்கு எழுந்த கிளர்ச்சிக்கு வித்து.

அவ்வையமே நமக்கும் உரியது. தாய்மார்கள் கூடியுள்ள இவ்வவையில் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. தமிழ்நாட்டில் 1989 முதற்கொண்டும், நாடெங்கும் 2005 முதற்கொண்டும் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடொத்த உரிமை சட்டத்தால் உண்டு. 2020 ஆகஸ்டு 11-ல் சுப்ரீம் கோர்ட்டு, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வுரிமை பிறப்பாலேயே வருவது; திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று ஐயம் நீக்கியது. ஆயினும் நடப்பது யாது? மயிலையிலும் அடையாற்றிலும் வீட்டு மனை பொன்னினும் விலையுயர்ந்த இந்நாளில், தந்தை மறைந்த பதினாறாம் நாள் முடிந்ததும், மாமன்மாரும் பெரியப்பன்மாரும் கூடிய கூடத்தில், "உனக்குச் சீர் செய்தாயிற்று, தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு" என்று ஒரு பெண்ணைக் கேட்கின்றனர். அவள் மறுத்தால் பிறந்தகத்து வாயில் அடைபடும் என்னும் அச்சம் அவளுக்கு உண்டு. இப்பொழுது அவ்வச்சம் ஒரு குடும்பத்தளவில் நிற்கின்றது. நம் தீர்மானம் நிறைவேறுமாயின், அவ்வச்சத்திற்குச் சங்கம் முழுவதும் காவல் நிற்கும். பங்கு கேட்டு நியாயஸ்தலம் ஏறிய மகளின் வீட்டுத் திருமணத்திற்கு நம்மில் ஒருவரும் போகலாகாது என்பதன்றோ அத்தீர்மானத்தின் பொருள்? அவள் செய்த குற்றம், சட்டம் அவளுக்குத் தந்ததைக் கேட்டது. இதற்குத் தண்டனை விதிக்கும் சபை, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் வழிவந்ததென்று சொல்லிக்கொள்ளல் இயலுமோ?

சட்டத்தின் வாய்மொழியும் இதுவே. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்து 28-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் உரிமையை நியாயஸ்தலத்தில் நாடுவதை முற்றிலும் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மத்தியஸ்தத்திற்கு விடுவதற்கே அதில் விலக்குண்டு. சங்கத்தின் விதிகள் அங்கத்தினர்க்குள் ஒப்பந்தம் போன்றன. ஆகவே "கோர்ட்டுக்குப் போகாதே" என்னும் விதி எழுதப்பட்ட நாளிலேயே உயிரற்றது. அங்கத்தினரை விலக்கும் அதிகாரம் சங்கங்களுக்கு அறவே இல்லையெனச் சொல்வோமல்லோம். பெல்காமில் உள்ள பிரீமேசன் லாட்ஜ் ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, சங்கம் தன் விதிகளைக் கடைப்பிடித்து, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, நல்லெண்ணத்தோடு விலக்கியிருப்பின், கோர்ட்டு அம்முடிவின்மேல் அப்பீல் மன்றமாக உட்காராது என்றது. சந்தா கட்டாதவரையும் சங்கப் பணத்தைக் கையாடியவரையும் இம்முறைப்படி விலக்கலாம். தம் உரிமையை நாடினவரை விலக்குதற்கு இதில் இடமில்லை.

இது நிற்க. "அங்ஙனமாயின் பஞ்சாயத்தினால் பயன் யாது? விரும்பினால் ஏற்பதும் விரும்பாவிட்டால் விடுவதுமான முடிவை எவர் மதிப்பர்?" என்று கேட்கலாம். இதற்கு இருவகையில் விடை கூறுவோம்.

முதலாவது, சமாதானம். இரு கட்சியையும் தனித்தனியே கேட்டு, வன்சொல்லை மென்சொல்லாக்கி, அவர்களே ஒரு முடிவுக்கு வரச்செய்தல். இதனைச் சர்க்காரே இன்று வளர்க்கின்றது. இந்தியாவில் கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரல் 9-ல் நம் சென்னை ஹைகோர்ட்டு வளாகத்திலேயே தொடங்கப்பெற்றது. லோக் அதாலத்தில் முடியும் வழக்கிற்குக் கோர்ட்டுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். அம்முடிவு டிகிரியின் வலிமை பெறும். 2023-ல் இயற்றப்பெற்ற மத்தியஸ்தச் சட்டமும் ஊர்ச் சமரசத்திற்கு இடம் வகுத்தது. அவ்வாறு எட்டும் உடன்பாடு கோர்ட்டு டிகிரிபோல் நிறைவேற்றத்தக்கதன்று என்றும் அதிலேயே எழுதியுள்ளனர். நம் பெரியோர் பேசி முடித்ததை, இரு கட்சியும் மனமொப்பின், சமரச மையம் வாயிலாகவோ லோக் அதாலத் வாயிலாகவோ வலியுறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, 1996-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டப்படி தீர்ப்பு. முற்காலத்தில் இதனைப் பஞ்சாயத்து முச்சலிக்கை என்பர். இரு கட்சியும் எழுத்தால் இசைய வேண்டும். ஒன்றின் மேற்பட்டோர் தீர்ப்பளிப்பின் அவர்தம் தொகை ஒற்றைப்படையாதல் வேண்டும். இருவர்க்கும் சமமான வாய்ப்பளிக்க வேண்டும். இவ்வாறு அளித்த தீர்ப்பு டிகிரிபோல் நிறைவேறும். குறையுடையதேல் அதனைத் தள்ளக் கோர்ட்டை நாடவும் வழியுண்டு. திருநெல்வேலியில் உடன்பிறந்தார் கூட்டாக நடத்திய ஓட்டல் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஒருவர்மேல் ஒருவர் சாதாரண மோசடி கூறினமை மட்டும் மத்தியஸ்தத்திற்குத் தடையாகாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் குற்ற வழக்கு, மணவிலக்கு, மைனரின் காப்பு, இன்சால்வென்ஸி, உயில் நிரூபணம் ஆகியவை தனியார் தீர்ப்புக்கு உரியன அல்ல என்று 2011-லேயே அக்கோர்ட்டு பிரித்துரைத்துள்ளது.

ஈண்டு நம்மைப்போன்ற சிறு சமூகத்திற்கே உரிய இடரொன்று உண்டு. நாமெல்லோரும் ஒருவர்க்கொருவர் உறவினர். ஐவரை அமர்த்தினால், ஒருவர் வாதிக்குச் சிற்றப்பன், மற்றொருவர் பிரதிவாதிக்குச் சம்பந்தி! கட்சிக்காரர்க்கு நெருங்கிய உறவுடையவர் தீர்ப்பாளராதல் சட்டப்படி கூடாது. வழக்கெழுந்த பின் இரு கட்சியும் எழுத்தால் விட்டுக்கொடுத்தாலன்றி அவர் அமர்தற்கில்லை. ஆகவே ஐவர் என்று நிலையாகக் குறித்துவிடாது, இருபது பேர் கொண்ட பட்டியலொன்று வைத்து, அதினின்று இரு கட்சியும் இசைந்தவரை வழக்குத்தோறும் தேர்தலே தக்கது. அப்பட்டியலில் பெண்டிர் சரிபாதியாதல் வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. பிராமிசரி நோட்டுக் கடனுக்கு மூன்றாண்டே காலவரையறை. பஞ்சாயத்து நடக்கின்றதென்பதனால் அக்காலம் நின்று காத்திராது. "பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று காத்திருந்து, நோட்டுக் காலாவதியாகிப் பணத்தையும் உறவையும் ஒருங்கே இழப்பார் உளர். ஆகலின், பேச்சுத் தொடங்குமுன் கடன்பட்டவரிடம் கடனை ஒப்புக்கொண்ட கையெழுத்தைக் காலவரையறைக்குள் பெற்றுவிடுதல் பஞ்சாயத்தாரின் முதற் கடமை. பாகப்பிரிவினையிலும், பேசி முடித்ததைக் கூர்ச்சீட்டாக எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. அவ்வெழுத்தே நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதாயின் ரிஜிஸ்தர் ஆதல் வேண்டும்; ஆகாவிடில் பின்னாளில் அது சாட்சியமாக நில்லாது.

இனி, எவ்வாற்றானும் பஞ்சாயத்தில் எடுக்கலாகாதன உள. மனைவியை அடித்தல், வரதட்சிணைக் கொடுமை, சிறார்க்கு இழைக்கும் தீங்கு ஆகியன சமாதானத்திற்குரிய பொருள்கள் அல்ல. சிறார்மேல் நிகழும் பாலியற் குற்றத்தை அறிந்தும் போலீசாருக்குத் தெரிவியாதிருத்தல் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். "குடும்ப மானம்" என்று சொல்லி இவற்றை மூடுவோர், குடும்பத்தையும் காவார், மானத்தையும் காவார்.

ஆகவே பொதுக்குழுவின் முன் யாம் பணிந்து வைக்கும் விண்ணப்பம் இது. இரண்டாங் கூற்றை முழுவதும் நீக்குக. முதற் கூற்றைப் பின்வருமாறு திருத்துக: இரு கட்சியும் தாமே எழுதிக் கேட்டாலன்றிச் சங்கம் எவ்வழக்கையும் எடுக்கலாகாது; இடையில் விலக விரும்புவார் எப்பொழுதும் விலகலாம், விலகினார்மேல் குறையொன்றும் கூறலாகாது; தண்டமும் விலக்கும் இல்லை; பங்குரிமை விடும் பெண் எவளும், வேறு வக்கீலொருவரிடம் தனியே யோசனை கேட்ட பின்னன்றிக் கையெழுத்திடலாகாது, அவ்வக்கீல் செலவைச் சங்க நிதியே ஏற்க; பேசியவை வெளிப்படலாகாது; நியாயஸ்தலம் ஏறியவர் வீட்டு மணத்திற்கும் மரணத்திற்கும் சங்கத்தார் முன்போலவே செல்க.

இவற்றுள் இறுதியிற் சொன்னதே எமக்கு உயிராகத் தோன்றுகின்றது. நம்மவர் ஒற்றுமை குலையும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சத்தால் ஒட்டிவைத்த ஒற்றுமை எந்நாளும் நில்லாது. தன் வழக்கைக் கோர்ட்டில் நடத்திக்கொண்டே ஒருவன் தன் பங்காளி வீட்டுப் பந்தலில் வந்து அமர்ந்து உண்ணக் கூடுமாயின், அச்சமூகமே உறுதியுடையது. அங்ஙனம் உண்டு எழுந்தவரிடையேதான் பெரியோரின் சமாதானப் பேச்சுக்கும் செவியிருக்கும். வாயிலை அடைத்துவிட்ட பின் பேசுவதற்கு யாவர் எஞ்சுவர்?

வள்ளுவனார் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அது மன்னர்க்கு மட்டும் உரிய பகுதியில் அமையாது, இல்லறவியலில் அமைந்துள்ளமையை எண்ணிப் பார்மின். நடுநிலை வீட்டிலும் உறவிலும் தொடங்க வேண்டுவது என்பது அதனால் விளங்கும். நம் சங்கப் பஞ்சாயத்து அந்நடுநிலைக்கு உறைவிடமாக அமையுமாயின், எவரையும் விலக்கவேண்டிய தேவையே எழாது; நம்பி வருவார் தாமே வருவர்.